ஏர்வாடி 2001: சங்கிலிக்கு வந்து சேர்ந்த நோய்கள்

நிகழ்வு

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. ஓலைக் கொட்டகை என்பதால் தீ பரவ நேரமாகவில்லை. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள் இருந்தார்கள். பகலில் மரத்தில் கயிற்றால் கட்டுவதும், இரவில் கட்டிலோடு சேர்த்து இரும்புச் சங்கிலியால் பிணைப்பதும் அங்கே வழக்கம். பிணைப்பு தளர்வாக இருந்த சிலரே தப்பினார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பில் 25 என்ற எண்ணே இன்றும் இருக்கிறது. இறுதிக் கணக்கு 28.

ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியில் அதைப் போலவே நடந்துவந்த காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விசாரிக்க இராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. 2007-இல் காப்பக உரிமையாளர், அவர் மனைவி, உறவினர்கள் இருவர் ஆகியோருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

குற்றவியல் கணக்கு அத்தோடு முடிந்தது. மருத்துவக் கணக்கு முடியவில்லை. தீ எதனால் பற்றியிருந்தாலும் சாவைத் தீர்மானித்தது சங்கிலி. அந்த மனிதர்கள் சங்கிலிவரை எப்படி வந்து சேர்ந்தார்கள்? இப்படிப்பட்ட காப்பகங்களில் கொண்டுவந்து விடப்படுவோரின் நோய்களுக்கு அப்போதே அரை நூற்றாண்டாக மருந்து இருந்தது. மருந்து ஓரிடத்தில் இருந்தது, நோயாளி வேறோரிடத்தில் இருந்தார். இந்த நிகழ்வை நான் படிப்பது அந்த இடைவெளியை வைத்துத்தான்.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு

ஏர்வாடி கீழக்கரைக்கு அருகில் உள்ள கடற்கரை ஊர். மதீனாவிலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் குத்புஸ் சுல்தான் செய்யது இப்ராஹீம் ஷஹீது வலியுல்லாஹ் அடக்கமான தர்கா அங்கே இருக்கிறது. சந்தனக்கூடு விழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். தர்காவின் புனித நீரும் விளக்கெண்ணெயும் நோய் தீர்க்கும், சிறப்பாக மனநோயைத் தீர்க்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நோயாளி அங்கேயே தங்க வேண்டும். வீடு திரும்பலாம் என்ற உத்தரவு கனவில் வர வேண்டும். அதற்குச் சில மாதங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

தங்குவோர் பெருகப் பெருக, அவர்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. அவற்றை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தாங்களே ஒரு காலத்தில் தம் உறவினரின் நோய்க்காக ஏர்வாடிக்கு வந்தவர்கள். இந்த விவரத்தை எளிதில் கடந்துபோக முடியவில்லை. நோயாளியோடு வந்தவர், அங்கேயே தங்கி, பிறருடைய நோயாளிகளைப் பணத்துக்குப் பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறார். அவருக்கு மருத்துவம் தெரியாது. ஒருவர் கத்தினால், ஓடினால், அடித்தால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் இருந்த விடை பிரம்பும் சங்கிலியும்தான்.

குடும்பங்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2001-இல் தமிழ்நாட்டில் அரசு மனநல மருத்துவமனை என்று தனியாக இருந்தது ஒன்றே ஒன்று, 1794-இல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. ஏர்வாடியிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் நோயாளிக்குத் தேவைப்படுவது மாதந்தோறும் தவறாத மருந்து, அதுவும் பல ஆண்டுகளுக்கு. கூலி வேலைக்குப் போகும் ஒருவர், வர மறுக்கும் மகனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மாதமும் மாவட்டம் தாண்டிப் போய்வர முடியுமா? 1982-இலேயே தேசிய மனநலத் திட்டம் வந்துவிட்டது. கர்நாடகத்தின் பெல்லாரியில் ஆரம்ப சுகாதார நிலையம் மூலம் மனநல மருந்து கொடுக்க முடியும் என்று நடத்திக் காட்டிய பிறகு, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தீ விபத்து நடந்த காலத்தில் அது நாடு முழுவதும் 27 மாவட்டங்களைத்தான் எட்டியிருந்தது.

என்ன நோய்கள்?

இத்தகைய இடங்களில் கொண்டுவந்து விடப்படுவோரில் முதலிடம் மனச்சிதைவு நோய்க்கு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. முதலில் தெரிவது கூச்சலோ வன்முறையோ அல்ல. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கல்லூரிக்குப் போக மறுப்பான். குளிப்பது குறையும். நண்பர்கள் வந்தால் அறைக்குள் போய்விடுவான். இரவெல்லாம் விழித்திருப்பான். வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள். சில மாதங்கள் கழித்தே அவன் தனியாகப் பேசுவதும் சிரிப்பதும் கண்ணில் படும்.

அவன் காதில் உண்மையிலேயே குரல் கேட்கிறது. அவனைப் பற்றி இருவர் பேசிக்கொள்வதாகவோ, அவன் செய்வதையெல்லாம் ஒருவர் வர்ணிப்பதாகவோ, “குதி”, “ஓடு” என்று கட்டளையிடுவதாகவோ கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைக்கிறார், தன் மனத்தில் ஓடுவதை எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள் என்பன போன்ற எண்ணங்கள் எந்தச் சான்றுக்கும் அசையாமல் நிற்கும். அம்மா கொடுக்கும் சோற்றை அவன் தட்டிவிடுவது அந்த அச்சத்தால்தான். வீட்டுக்கு அது வெறியாகத் தெரியும். அவனுக்கு அது உயிர் தப்பும் முயற்சி. செய்வினை, ஏவல், காற்று கருப்பு என்று ஊர் சொல்லும் விளக்கங்கள் இந்த இடத்தில் நுழைகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பேசுகிறார் என்று நோயாளியே சொல்லும்போது, அந்த விளக்கம் வீட்டாருக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அடுத்தது இருதுருவ மனநிலை நோயின் எழுச்சிக் கட்டம். தூக்கமே தேவைப்படாது. பேச்சு நிற்காது. கையில் இருக்கும் பணம் எல்லாம் கரையும். தான் கடவுள், தான் முதலமைச்சர் என்ற நிலைக்குப் போய், தடுப்பவர்மேல் பாய்வதும் நடக்கும். இதன் மறுமுனை ஆழ்ந்த சோர்வு. இரண்டுக்கும் இடையில் இவர்கள் பல மாதங்கள் முற்றிலும் இயல்பாக இருப்பார்கள். எழுச்சிக் கட்டம் சிகிச்சை இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தணியக்கூடியது. அப்படித் தணிந்தவர் தர்காவில் இருந்தால் தர்காவுக்கும், கோயிலில் இருந்தால் கோயிலுக்கும் அந்தப் பெருமை போய்ச் சேரும். ஊர் திரும்பி அவர் சொல்லும் சாட்சியத்தை நம்பி அடுத்த குடும்பம் பஸ் ஏறும்.

வலிப்பு நோயாளிகளும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும், குடியை நிறுத்திய சில நாட்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தவர்களும் இதே வரிசையில் சேர்க்கப்படுவது உண்டு. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிலைகள். சங்கிலி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

மருத்துவம் என்ன செய்திருக்க முடியும்?

1952-இல் பாரிஸில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கப்பட்டவர்களின் கொந்தளிப்பு தணிந்தது. மனச்சிதைவு மருத்துவத்தின் திருப்பம் அதுதான். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலை இவ்வகை மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன. குரல்களும் பொய்யான அச்சங்களும் சில வாரங்களில் தளரத் தொடங்குகின்றன. பின்னர் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் என்று பலவும் வந்தன. பலவற்றை இன்று அரசு மருத்துவமனையில் காசில்லாமல் வாங்கலாம்.

“மாத்திரையைத் துப்பிவிடுகிறான், என்ன செய்வது?” இது ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்வி. இதற்கும் விடை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, மருந்தைத் தசையிலிருந்து மெல்ல மெல்ல உடலுக்குள் விடும். இவ்வகை ஊசி 1960-களிலிருந்தே இருக்கிறது. பத்துக்கும் குறையாத வகைகளில் மாத்திரைகள் வந்துவிட்ட காலத்திலும் எளிய குடும்பத்துக்கு இந்த ஊசியே பெரிய துணை என்பேன். மாதம் ஒருமுறை ஒரு செவிலியர் போடும் ஊசி செய்யக்கூடியதைத்தான் அந்தக் கொட்டகையில் இரும்பை வைத்துச் செய்யப் பார்த்தார்கள்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பயனில்லை என்றால் குளோசபின் இருக்கிறது. வெள்ளை அணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் இரத்தப் பரிசோதனையோடு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். இருதுருவ நோய்க்கு லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். அதற்கும் இரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலிப்புக்கு மருந்து இவற்றை விடவும் பழையது.

பக்க விளைவுகளை மறைத்துச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம். பழைய மருந்துகளில் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை மாறும். புதியவற்றில் எடை கூடும், சர்க்கரை ஏறும். இவற்றை முன்கூட்டியே சொல்லி, அளவைச் சரிசெய்தால் பெரும்பாலோர் மருந்தில் நிற்பார்கள். சொல்லாமல் விட்டால், “மருந்து சாப்பிட்டுத்தான் இப்படி ஆனான்” என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய சில மாதங்களில் நோய் திரும்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இந்த நோய்க்கு எதிர்காலமே இல்லை என்ற எண்ணத்துக்கு மறுப்பு சென்னையிலிருந்தே உண்டு. 1981-இல் முதல்முறை நோய் கண்ட 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அங்கே தொடங்கியது. டாக்டர் ஆர். தாராவும் சக மருத்துவர்களும் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் நீங்கிய நிலையில் இருந்தார்கள். ஏர்வாடித் தீக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1994-இல், அந்த முடிவுகள் அச்சில் வந்துவிட்டன.

தர்காவும் கோயிலும் தந்தது என்ன?

தீ நடந்த மறு ஆண்டு, 2002-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆர். இரகுராமும் பிறரும், மனநோய் தீர்க்கும் என்று நம்பப்படும் ஒரு தமிழ்நாட்டுக் கோயிலில் தங்கியிருந்த 31 பேரை வந்தபோதும் கிளம்பும்போதும் மதிப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். மருந்து எதுவும் தரப்படவில்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய சடங்குகள் எதுவும் நடக்கவில்லை. காலைப் பூசையில் கலந்துகொள்வது, வளாகத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவே. ஒவ்வொருவருடனும் வீட்டார் ஒருவர் தங்கியிருந்தார். ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே பயன் தந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மனச்சிதைவின் தீவிர நிலையில் 20 சதவீதக் குறைவு என்பது ஆறுதல்தான், நலமடைந்த நிலை அல்ல. ஆனாலும் இந்த ஆய்வை ஏர்வாடியின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழிபாட்டு இடத்தில் ஒரு நோயாளிக்கு நன்மை செய்யக்கூடியவை இவை: பக்கத்தில் ஒரு சொந்த முகம், செய்ய ஒரு சிறு வேலை, திட்டாத சுற்றம். காப்பகக் கொட்டகை இந்த மூன்றையும் அகற்றிவிட்டு, தர்காவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

நம்பிக்கையைத் தடைசெய்துதான் மருத்துவம் வளர வேண்டும் என்பதில்லை. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில், வழிபாட்டோடு மருந்தும் என்ற பொருளில் ‘தவா துவா’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். தர்காவில் சேவை செய்யும் முஜாவர்களுக்கு நோய் அறிகுறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். துவா முடிந்ததும் அவர்களே நோயாளியை அங்குள்ள மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதே முறை பிறகு ஏர்வாடி தர்காவுக்கும் வந்தது. மந்திரிப்பவர் சொன்னால் மருந்தைச் சாப்பிடும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் அறிவியல் பேசி வாதாடுவதில் ஓராண்டு போகும். நோய் அதுவரை காத்திருப்பதில்லை.

ஏர்வாடிக்கு வராதவர்கள்

சங்கிலியில் இருந்தவர்களுக்கு வந்தவை கடுமையான மனநோய்கள். எண்ணிக்கையில் அவற்றை விடப் பல மடங்கு பெரியவை மனச்சோர்வும் பதற்ற நோய்களும். 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதத்தினர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள்.

இவர்களை யாரும் கட்டிப்போடுவதில்லை. இவர்கள் வேலைக்குப் போவார்கள், சமைப்பார்கள். கடுமையான மனநோயாளியை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் தாயும் மனைவியும் இந்தக் கூட்டத்தில் பெரும் பங்கு. அவர்கள் மருத்துவரிடம் சொல்வது கை கால் அசதி, தலைபாரம், நெஞ்செரிச்சல், வாயுத் தொல்லை, தூக்கமின்மை. சத்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் மனம் கனத்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் ஆகியவை கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்றோ செத்துவிடலாம் என்றோ எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோய். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கேட்க வேண்டும்.

பீதித் தாக்குதலில் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், சாகப் போகிறோம் என்ற திகில் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும். ஈசிஜி சரியாக இருக்கும். இப்படி நான்கு முறை அவசரப் பிரிவுக்குப் போய், “ஒன்றுமில்லை” என்று கேட்டுத் திரும்பியவருக்கு அது நோய்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். கை கழுவுவதையும் கதவைச் சரிபார்ப்பதையும் நிறுத்த முடியாத எண்ணச் சுழற்சி நோய்க்கு, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு அந்தச் செயலைத் தவிர்க்கப் பழகும் பயிற்சி மிகுந்த பயன் தருகிறது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்செடின் போன்ற மாத்திரைகள் பயன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் பயனில்லை என்று நிறுத்துவதே பெரிய இழப்பு. நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைக்க வேண்டும். இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. மிதமான நோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரைக்கு ஏறக்குறைய நிகரானது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரவைத்தார்கள். விக்ரம் படேலும் பிறரும் 495 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் தெளிவாகவே தேறியிருந்தார்கள்.

தீர்ப்பும் சட்டமும்

உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவு, மாவட்டந்தோறும் பதிவுபெற்ற, பெறாத காப்பகங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றது. சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளியை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் கிராமங்களில் பிரசாரம் செய்யச் சொன்னது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் தெளிவானது. எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது 95-ஆம் பிரிவு. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதையும் அதே பிரிவு தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 115-ஆம் பிரிவு. சட்டம் வந்த பிறகும், உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் மத நம்பிக்கை சார்ந்த ஒரு காப்பகத்தில் மனிதர்கள் சங்கிலியில் இருந்ததை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஏர்வாடிக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து நடந்தது இது. வாசிக்கும்போது கோபம் வருகிறது.

நலமான பின்

ஏர்வாடியிலிருந்து மீட்கப்பட்டவர்கள் எதிர்கொண்ட அடுத்த கேள்வி இன்றும் தீரவில்லை: நலமானவர் எங்கே போவார்? தேசிய ஆய்வு ஒன்று 43 அரசு மனநல மருத்துவமனைகளைக் கணக்கெடுத்தது. ஓராண்டுக்கு மேலாக அங்கேயே தங்கியிருந்தவர்கள் 36 சதவீதம். முகவரி மாறிப்போன குடும்பங்களும், தங்கை திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் குடும்பங்களும் இதன் பின்னால் இருக்கின்றன. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்று இடம் தரும் கடமை அரசுடையது.

அதற்கு ஒரு வழியைச் சென்னையின் பேன்யன் அமைப்பு செய்து காட்டுகிறது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய அமைப்பு அது. நீண்டகாலம் நிறுவனத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். அவர்களே சந்தைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், மருந்தையும் தொடர்கிறார்கள். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அருகில் எந்த அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கிறார் என்பதையும் அந்த எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.